கடற்கரைக்குப் போகுமுன் பேஸ்மென்ட்டுக்குப் போங்கள்

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சோழிங்கநல்லூரில் 900 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகம் உங்களுடையது. சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல் இரண்டுக்கும் சேர்த்து 12 பேர் கொண்ட தன்னார்வலர் குழு. போன வருடம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை குப்பை பொறுக்கினீர்கள், ஒரு அரசுப் பள்ளியில் மரக்கன்று நட்டீர்கள், டீ-ஷர்ட்டும் புகைப்படமுமாக அது முடிந்துபோனது. "இந்த வருடமாவது உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது? நாங்கள் செலவழிக்கும் நேரம் கம்பெனியின் சி.எஸ்.ஆர். கணக்கில், அதாவது சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகையில், வருமா?" என்பது கேள்வி.

இந்த ஊரில் மூன்று அலுவலகங்களில் இப்படிப்பட்ட குழுக்களில் இருந்திருக்கிறேன். அதில் இரண்டை நடத்தியும் இருக்கிறேன். கடற்கரையைச் சுத்தம் செய்வது வீண் என்று சொல்லமாட்டேன். முதல்முறை வந்தவர்களில் சிலர் அந்த ஒரு காலையோடு மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடற்கரைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். உங்கள் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் இருக்கும் குப்பை அறைக்கு எந்தத் தொண்டு நிறுவனமும் வர முடியாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உங்களைத்தான் அங்கே உள்ளே விடும். கேன்டீன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அட்மினிடம் கேட்கும் உரிமையும் உங்களுக்குத்தான் உண்டு. அதனால் அங்கேதான் தொடங்கச் சொல்வேன்.

ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு மேல் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவரிடம் அனுமதி கேட்டு, குப்பைப் பையோடு கூடவே கீழே போங்கள். நான் முதல்முறை அப்படிப் போனபோது பார்த்தது இன்னும் மறக்கவில்லை. மாடியில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிரித்து வைத்திருந்தோம். மக்களும் ஓரளவு பார்த்துத்தான் போட்டார்கள். கீழே இரண்டும் ஒரே கறுப்புப் பையில் கொட்டப்பட்டன. "ஏன்க்கா?" என்றேன். "எடுத்துட்டுப் போற வண்டி ஒண்ணுதானே தம்பி" என்றார். ஆறு மாதமாக நாங்கள் ஒட்டிய போஸ்டர்களுக்கெல்லாம் அந்த ஒரு வரியில் பதில் இருந்தது. தவறு எடுத்துப்போகும் ஒப்பந்தத்தில் இருந்தது. நாங்கள் மாடியில் இருப்பவர்களின் மனத்தை மாற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வரும்வரை காத்திருந்து, மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனி வண்டி என்று ஒரு வரி சேர்க்க வைத்தோம். அந்த ஒரு வரிக்கு நான்கு மாதம் ஆனது.

அட்மினிடம் பேசும்போது கையில் சட்டமும் இருக்கட்டும். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருமளவு கழிவு உருவாக்குபவர்கள் என்ற வகையில் வைத்தன. 900 பேருக்குச் சாப்பாடு போடும் கட்டடம் அந்த வரம்பைச் சுலபமாகத் தொடும். அப்படிப்பட்ட இடங்கள் குப்பையைப் பிரித்தே ஆக வேண்டும். மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். இதைக் கம்பெனி உங்களுக்குச் செய்யும் சலுகையாக நினைத்துக் கேட்காதீர்கள்.

அந்தக் குப்பை போகும் இடமும் உங்களுக்குத் தெரியாத இடமில்லை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலையில் ஷட்டில் பஸ் ஊர்ந்துபோகும்போது ஜன்னல் வழியாகப் பூநாரைகளைப் பார்த்திருப்பீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்க்கப்பட்ட சதுப்பு நிலம் அது. அலுவலகத் தட்டில் மிஞ்சும் சாம்பார் சாதத்துக்கும் அந்தப் பறவைகளுக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது. குழுவில் புதிதாகச் சேருபவர்களை முதலில் அந்தச் சாலைக்கு அழைத்துப்போவது என் வழக்கம்.

பிறகு எடை போடுங்கள். ஒரு தொங்கு தராசு, ஒரு நோட்டு, ஐந்து வேலை நாள் இருந்தால் போதும். கேன்டீனில் தட்டில் மிஞ்சுவது, பாத்திரத்தில் மிஞ்சுவது, பேன்ட்ரிக் குப்பை என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு ஆள் 60 கிராம் மிச்சம் வைக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 900 பேருக்கு 54 கிலோ. அந்தச் சோற்றில் இன்னும் நூறு பேருக்கு மேல் சாப்பிடலாம். தட்டில் மிஞ்சினால் கரண்டியைப் பாருங்கள். பெரும்பாலும் கரண்டி பெரிதாக இருக்கும், பரிமாறுபவருக்கு வரிசையை நகர்த்தும் அவசரம் இருக்கும், "போதும்" என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. சின்னக் கரண்டி, கேட்டால் மறுபடி தாராளமாகச் சோறு என்று மாற்றினாலே கணிசமாகக் குறையும். பாத்திரத்தில் மிஞ்சினால் அது ஆள் கணக்கில் இருக்கும் பிழை. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள் என்பது சமையல்காரருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

அடுத்து பேப்பர் கப். ஆளுக்கு நாளைக்கு இரண்டு டீ, வருடத்துக்கு 250 வேலை நாள் என்று போட்டால் 900 பேருக்கு நாலரை லட்சம் கப். பேப்பர் என்று பெயரே தவிர உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் உண்டு. மஞ்சப்பையைப் பற்றிப் பேசும் அலுவலகங்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

இங்கே நாங்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒரு அலுவலகத்தில் எங்கள் குழு பேப்பர் கப்பை ஒழித்து ஸ்டீல் டம்ளர் கொண்டுவந்தது. எல்லா ஊழியர்களும் கூடும் டவுன் ஹால் கூட்டத்தில் கைதட்டினார்கள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் பேன்ட்ரியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே வேலை செய்த அக்கா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். என்னவென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைபூத்துப் புண்ணாகி இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் டம்ளரை இரண்டு பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆள் கூட்டவில்லை, சம்பளம் கூட்டவில்லை, கையுறைகூட யாரும் வாங்கித் தரவில்லை. அந்தத் திட்டத்தின் அறிக்கையில் எத்தனை கப் மிச்சமானது என்று எழுதியிருந்தேன். அந்தக் கைகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அன்றிலிருந்து எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதனால் யாருக்கு வேலை கூடுகிறது? குப்பையை நான்காகப் பிரிப்பதா, பிரிக்கப்போவது யார்? உரக்குழியா, அதைத் தினமும் கிளறப்போவது யார்? லிஃப்டை நிறுத்திப் படியேறும் நாளா, அன்றைக்கு 20 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறப்போவது யார்? பதில் "நாங்களே" என்றால் செய்யுங்கள். "அவர்கள்" என்றால், அவர்களுக்குக் கூடுதல் ஆளோ, கருவியோ, சம்பளமோ கிடைத்த பிறகுதான் செய்ய வேண்டும். எங்கள் டம்ளர் விஷயத்தில், அவரவர் குடித்ததை அவரவர் கழுவிக் கம்பித் தட்டில் கவிழ்ப்பது என்று மாற்றினோம். விருந்தினருக்கு வைக்கும் டம்ளர்களுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று வாங்க வைத்தோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் பழகிப்போனது.

இதே கேள்வியோடு தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். 2019 கோடையில் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) அலுவலகங்கள் பல, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உங்கள் கட்டடத்திலும் குழி இருக்கும். அதன் மணலும் ஜல்லியும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். செப்டம்பருக்குள் சுத்தம் செய்யாவிட்டால் வடகிழக்குப் பருவமழை குழிமேலேயே ஓடித் தெருவுக்குப் போய்விடும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைத் தரை கழுவவும் கழிவறைக்கும் திருப்புவது ஒரு பிளம்பரின் ஒரு நாள் வேலை. ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. செய்யுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் அப்படிக் கடந்துபோக எனக்கு மனம் வராது. அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யார்? இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு வந்தும் சாவு நிற்கவில்லை. கட்டடத்துக்குள் இறப்பவர் பெரும்பாலும் மூன்றாவது கை, நான்காவது கை ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆளாக இருப்பார். மாடியில் இருப்பவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. "எந்த நிலையிலும் ஆள் இறங்கக் கூடாது, இயந்திரம் மட்டும்" என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி. இந்த வருடம் உங்கள் குழு வேறு எதுவுமே செய்யாமல் இதை மட்டும் செய்துவிட்டால்கூட எனக்கு நிறைவுதான்.

சமூகப் பொறுப்பு என்றதும் அனாதை இல்லமும் முதியோர் இல்லமும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. உங்கள் வாசலில் 12 மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு நாற்காலி இருக்கிறதா? கடைகள், நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களை வைத்துப் பேசப்பட்ட சட்டம் அது. வாசலில் நிற்பவரின் கால்களும் அதே கால்கள்தான்.

மென்பொருள் ஆட்களால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிந்த ஒரு வேலை சொல்கிறேன். மாதம் ஒரு மதியம், கேன்டீன் மூலையில் ஒரு மேசை போடுங்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, டிரைவர், கேன்டீன் ஆட்கள் யார் வேண்டுமானாலும் வரட்டும். அவர்களுடைய பி.எஃப். எண்ணை அவர்கள் போனிலேயே திறந்து, பணம் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, அட்டை இருந்தும் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று தெரியாமல் தனியார் கிளினிக்கில் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர் என்று எழுத்துப் பிழையால் பணம் எடுக்க முடியாமல் வருடக்கணக்காக அலைபவர்கள் உண்டு. நமக்கு அது அரை மணி நேர வேலை. கடவுச்சொல்லை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரின் பணம் ஏறவில்லை என்று தெரிந்தால் நீங்களே ஏஜென்சியோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் சம்மதித்தால், பெயர் சொல்லாமல் அட்மின் தலைமையிடம் கொண்டுபோங்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போவது அவருக்குத்தான்.

வெள்ளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓ.எம்.ஆர். அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்குபவர்கள் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருந்து வருகிறார்கள். நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் நிறையப் பேர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர். நமக்கு "வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அவர்களுக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள். சிவப்பு எச்சரிக்கை நாட்களில் ஒப்பந்த ஊழியர்களுக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அக்டோபருக்கு முன்பே நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். நிவாரணப் பொட்டலம் கட்டுவதைவிட இது பெரிது.

வெளியே செய்யவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் திரும்பத் திரும்பப் போகும் வேலையாக இருக்கட்டும். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் எப்போதும் பற்றாக்குறை. சில தேர்வுகளில் எழுதுபவரின் படிப்பு மாணவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களால் எழுத முடியாத தேர்வாக இருந்தால் பாடத்தை வாசித்துப் பதிவுசெய்து தரலாம். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் அந்த மணலில் நடந்துகொண்டிருக்கிறது. கடற்கரைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அவர்களோடு ஒரு இரவு நடந்து பாருங்கள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போவதென்றால் ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடிகிறவர்கள் மட்டும் போங்கள். மூன்று வாரம் வந்துவிட்டுக் காணாமல் போகும் அண்ணன், அக்காக்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

மரக்கன்று பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் பூமி தினம் வருகிறது என்று நட்டால் சென்னை வெயிலில் பிழைக்காது. நாங்கள் ஒருமுறை நட்டவற்றில் ஜூன் பள்ளி திறந்தபோது குச்சிகள்தான் மிச்சம். செப்டம்பர் கடைசியில் நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது வெளிநாட்டு மரங்கள் எவ்வளவு விழுந்தன என்று பார்த்தோம். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் போன்ற நம் மண்ணின் மரங்களை வைப்பது நல்லது. அடுத்த இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று தெரியாமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.

கடைசியாக சி.எஸ்.ஆர். கேள்வி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் தன்னார்வமாகத் தரும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் அதில் வராது. ஆகவே டம்ளர் இயந்திரம், நாற்காலி, தனி வண்டி எல்லாம் அட்மின் பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும், அங்கேயே கேளுங்கள். உங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் சந்தை மதிப்பின்படி முதல் 1,000 நிறுவனங்களில் ஒன்றாக இருந்தால் இன்னொரு பிடி இருக்கிறது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, 2022-23 முதல் அவை வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிவு, நிரந்தரமல்லாத தொழிலாளர்கள் பற்றியெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. அதை நிரப்புபவர் எண்களைத் தேடி அலைந்துகொண்டிருப்பார். உங்கள் தராசு நோட்டோடு அவரைப் போய்ப் பாருங்கள், அவ்வளவு சந்தோஷமாகக் கதவு திறப்பார்.

முதல் கூட்டத்துக்கு 12 பேர் மட்டும் உட்காராதீர்கள். ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர், கேன்டீன் மாஸ்டர், பராமரிப்பு எலெக்ட்ரீஷியன் மூன்று பேரையும் நேரில் போய் அழையுங்கள். கூட்டத்தை மாலை 5 மணிக்கு வைக்காதீர்கள். காலை ஷிஃப்ட் அக்காக்கள் பல கட்டடங்களில் 3 மணிக்கே கிளம்பிவிடுவார்கள், அடுத்த பஸ்ஸை விட்டால் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும். சாப்பாட்டு நெரிசல் முடிந்த பிறகு, 2 மணிக்கு வையுங்கள். அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள், முதலில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.